மகளின் பின்வளவில் ஒரு மரக்கொட்டில்

1

இதை எழுத வேண்டும் என்று நான் நினைத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. கொப்பி வாங்கினேன். பேனை வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் போட்டேன். சுழிக்குக் கீழே ஒரு சொல்லும் இறங்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நெல் ஆலைக்கு மூட்டை தூக்கப் போனவன் நான். எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. அதோடு, இது என் மனைவிக்கும் மகளுக்கும் இடையில் நடந்த விஷயம். நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் எழுதினால் இரண்டு பக்கத்தாலும் ஏச்சு விழும்.

போன கிழமை ரமணன் தொலைபேசியில் வந்தான். என் மனைவி புவனத்தின் தம்பி மகன். இங்கிலாந்துக்கு வந்து நாலைந்து வருஷம். இப்போது வீடு வாங்க ஓடித் திரிகிறான்.

"மாமா, வீடொண்டு பாத்திரிக்கன். நீங்க வாங்கின ஆள்தானே. என்னென்ன பாக்கணும் எண்டு செல்லுங்க."

நானும் பெரிய மனிதனைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். கூரை, சுவர், பொயிலர் என்று இரண்டு விஷயம் சொல்லியிருப்பேன். அவன் இடையில் மறித்தான்.

"அது சரி மாமா, கேக்கன் எண்டு குறை நினைக்காதீங்க. ஊர்ல ஒரு கதை திரியுது. மச்சாளைக் கட்டிக் குடுத்துப்போட்டு நீங்களும் மாமியும் வீட்டை விட்டு எழும்பல்லையாம். மச்சாளும் புருசனும் ஒரு அறைக்குள்ள ஒடுங்கிக் கிடக்காங்களாம். மெய்யா?"

மகளுக்குக் கொடுத்த வீட்டில் குந்தியிருக்கும் தாய் தகப்பன் என்ற பேர் எங்கள் பக்கத்தில் லேசான பேரல்ல. களவெடுத்தவனைக்கூட இரண்டு வருஷத்தில் மறந்துவிடுவார்கள். இதை மறக்க மாட்டார்கள். எனக்கென்றால் துடைத்துவிட்டுப் போவேன். புவனம் அந்தப் பேரைக் கேட்டால் சாப்பாட்டை விட்டுவிடுவாள்.

ஆகவே ரமணனுக்குப் புத்திமதியையும் ஊருக்குப் பதிலையும் ஒன்றாகவே எழுதுகிறேன். வீடு வாங்குகிறவர்கள் முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள். கதை பேசுகிறவர்கள் இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2

இதை வேறு மாவட்டத்தவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண், வீட்டுக்குப் போகிறவன். நான் குருக்கள்மடத்தில் பிறந்தவன். கலியாணம் முடித்து ஒரு சூட்கேசோடு ஆரையம்பதியில் புவனத்தின் வீட்டுக்குப் போனேன். காணி உறுதிப் பத்திரம் அவளுடைய பேரில். சுவர், ஓடு, கிணறு, தென்னை எல்லாம் அவளுடையவை. நான் கொண்டுபோன சூட்கேஸ் என்னுடையது.

கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் மாமனும் மாமியும் தங்கள் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு, அதே வளவின் பின்மூலையில் முன்னமே கட்டிவைத்திருந்த சின்னக் குடிலுக்குப் போனார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் மறிக்கவும் இல்லை. அதுதான் மரியாதை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே வீடு வாங்குவது பற்றி ஒரு மட்டக்களப்பு ஆணுக்கு என்ன தெரியும்? வீட்டுக்குள் எப்படிப் பணிவாக நடப்பது என்பது தெரியும். நான் விறாந்தையில் கூட்டாளிமாரோடு கடதாசி விளையாடினால் புவனம் குசினிக்குள் இருந்தே சொல்வாள்: "என்ட வீட்டுக்கு யார் வாற, யார் இரிக்கிற எண்டு நான்தான் செல்லுவன்." கூட்டாளிமார் தங்கள் தங்கள் மனைவிமாரின் வீடுகளுக்குப் போய்விடுவார்கள்.

நான் முதலில் இங்கிலாந்துக்கு வந்தேன். சமாதான காலத்தில் புவனமும் மகள் தனுசாவும் வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு அப்போது பதினான்கு வயது. ஆரையம்பதி வீட்டைப் பூட்டி, திறப்பைப் புவனத்தின் அக்கா யோகத்திடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். அடுத்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது.

மூன்று நாள் கழித்துத்தான் யோகம் மச்சாளின் குரல் கேட்டது. யார் யார் போய்விட்டார்கள் என்று அவ வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனா. புவனம் ஒவ்வொரு பேருக்கும் "ஓம்" என்று மட்டும் சொன்னாள். கடைசியில் அக்கா, "உன்ட வீடு நிண்ட இடத்தில கிணத்துக் கட்டு மட்டும் இரிக்குடி" என்றா. "ஆக்கள் போயிட்டாங்க கா. வீட்டுக்கு அழுற நேரமா" என்று புவனம் வைத்துவிட்டாள்.

கரையோரத்தில் திரும்பக் கட்டக்கூடாது என்று பிறகு சட்டம் வந்தது. அதையும் அவள் பேசவில்லை. ஆனால் மகளுக்குச் சடை பின்னும்போது ஒருநாள் கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள்: "என்ட உம்மா எனக்குத் தந்தா. நான் இவளுக்கு என்னத்தைக் குடுக்கிற?"

தாயை 'உம்மா' என்று சொல்கிறாளே என்று யோசிக்க வேண்டாம். பக்கத்து முஸ்லிம் ஊர்க் கூட்டாளிகளோடு வளர்ந்தவள்; நெஞ்சு நிறைந்தால் அந்தச் சொல்தான் வரும்.

எங்களுக்கு இருக்க இடம் வேண்டும் என்று நாங்கள் வீடு வாங்கவில்லை. இருக்க வாடகை வீடு இருந்தது. புவனத்துக்கு மகளுக்குக் கொடுக்க ஒன்று வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். இல்லாவிட்டால் எங்களைப் பைத்தியம் என்பீர்கள். வாசித்த பிறகும் சொல்லலாம், அது வேறு.

3

ரமணனுக்கு முதலாவது புத்திமதி: மழை நாளில் போய் வீடு பார். வெயில் நாளில் எல்லா வீடும் நல்ல வீடு. மழையில்தான் கூரைத் தண்ணீர் ஓடும் பீலி எங்கே ஒழுகுகிறது, சுவர் மூலையில் எங்கே பூஞ்சணம் மணக்கிறது என்று தெரியும். புதுப் பெயின்ற் மணம் ஒரு சுவரில் மட்டும் வந்தால் அந்தச் சுவரைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று கூரையைப் பார். வீட்டு வாசலில் நின்றால் கூரை தெரியாது. விற்பவருக்கும் அது தெரியும்.

நாங்கள் பதினேழு வீடு பார்த்தோம். ஒவ்வொரு வீட்டிலும் புவனம் வீடு காட்டும் ஏஜென்டிடம் முதலில் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றுதான். "கடல் எவ்வளவு தூரம் எண்டு கேளுங்க."

நான் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்பேன். ஏஜென்ட் பெடியன்களின் முகம் வாடிவிடும். ஒருவன் மிகவும் வருத்தப்பட்டான். "கொஞ்சம் தூரம்தான் ஐயா. ஆனால் காரில் போனால் இரண்டு மணித்தியாலத்தில் போய்விடலாம். அழகான கடற்கரை" என்றான். நான் புவனத்துக்குச் சொன்னேன்.

"இரண்டு மணித்தியாலமா? கார்லயா?" என்றாள். "நல்லம். உள்ளுக்குப் போய்ப் பாப்பம்."

இரண்டாவதாக, அவள் வீட்டுக்குள் நேரே நடந்து பின்கதவால் வெளியே போய்விடுவாள். அறைகளைப் பார்க்க மாட்டாள். பின்வளவில் இறங்கி, வேலியில் இருந்து வேலிவரை காலால் அளப்பாள். ஒரு வீட்டில் குசினி சோக்காக இருந்தது. சூரியன் வரும் அறை, புதுப் பொயிலர், பக்கத்திலேயே பஸ். நான் மயங்கிப்போனேன். புவனம் பின்னால் போய் எட்டு அடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சரிவராது. நம்மட குடில எங்க போடுற?"

"குடிலா?"

"தனுசா கலியாணம் முடிச்சா நாம எங்க போய்ப் படுக்கிற? உங்கட தலையிலயா?"

இப்படியாக, கூரை பழசு, பொயிலர் கிழடு, ஆனால் பின்வளவு ஒரு சின்ன வயல் வட்டையைப் போல நீண்டு கிடக்கும் ஒரு வீட்டை நாங்கள் விரும்பினோம். ஏஜென்டுக்கு எங்கள் மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. "தோட்டம் செய்வீர்களா?" என்று கேட்டான். புவனம் மூலையைக் காட்டிச் சிரித்தாள்.

ரமணன், இதுதான் என் பிழை. நீ நாளைக்கு இருக்கப்போகிற வீட்டை இன்றைக்குப் பார். நாங்கள் விட்டுப் போகப்போகிற வீட்டைப் பார்த்தோம்.

4

கையொப்பம் வைத்தது யுத்தம் முடிந்த வருஷம், அந்த வைகாசி. ஒரு மேசையில் வங்கியின் கடிதங்கள். மற்றப் பக்கம் தொலைக்காட்சியில் முல்லைத்தீவு. எங்கள் பக்கத்தில் சண்டை அதற்கு முன்னமே ஓய்ந்திருந்தது. அதனால் எங்களுக்கு மட்டும் நெஞ்சு லேசாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று கடைக்காரி கேட்டபோது புவனம், "பிறகு வாறம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். சனம் பதுங்க இடமில்லாமல் கிடக்கும் நாளில் யன்னலுக்குச் சீலை பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்த யன்னல்கள் ஆவணிவரை பழைய பெட்சீற்றோடுதான் நின்றன.

வீட்டு உறுதி எழுதிய எங்கள் சொலிசிட்டர் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். வீட்டை மகளின் பேரில் மட்டும் எழுதச் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டார்.

"கடன் யாருடைய பேரில்?"

"என் பேரில்."

"வீடு யாருடைய பேரில்?"

"மகளின் பேரில்."

"உங்களை யாராவது தேடுகிறார்களா?"

தனுசா மொழிபெயர்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். வங்கி ஒத்துக்கொள்ளாது, உங்கள் மூன்று பேரின் பேரும் இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று அந்த அம்மா முடித்துவைத்தார். என் பேர் ஒரு வீட்டு உறுதியில் ஏறியது அதுதான் முதல் தடவை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் மனைவியின் சொத்தில் கைவைத்தவன் என்பார்கள்.

வீடு புகும் நாளுக்கான புத்திமதியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வைகாசியில் வரும் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை நல்ல காரியம் தொடங்குவதில்லை. ஆகவே திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நாள் காத்திருந்தோம். பிறகு நிறைகுடம், அரிசி, உப்பு, மஞ்சள், அம்மன் படம் எல்லாம் முறைப்படி கொண்டுபோனோம். கையோடு கரண்ட் மீற்றரையும் கேஸ் மீற்றரையும் பார்த்து எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. பழையவர்கள் எரித்ததற்கும் பில் எங்களுக்கு வந்தது. அம்மன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வா. மீற்றரை நீதான் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் வரும் தண்ணீரை எங்கே மூடுவது என்றும் முதல்நாளே கேட்டு வை. நாங்கள் அதைக் குழாய் வெடித்த அன்று, முழங்காலில் நின்று தேடினோம்.

5

இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தோம் என்று சொல்வது பொய். காவல் இருந்தோம். பெரிய அறையை மகளுக்கென்று பூட்டி வைத்துவிட்டு நாங்கள் சின்ன அறையில் படுத்தோம். சோபாவின் பொலித்தீனைப் புவனம் கழற்ற விடவில்லை. நான் உட்கார்ந்தால் சர்ரென்று சத்தம் வரும். "மெல்ல இரிங்க, பொட்டைட சாமான்" என்பாள். பொட்டை என்றால் எங்கள் பேச்சில் பெண்பிள்ளை.

தனுசா சுதனைக் கட்டினாள். நல்ல பிள்ளை. ஆஸ்பத்திரியில் தாதி வேலை. தாய் தகப்பன் முல்லைத்தீவுப் பக்கம்; அவன் சின்னதிலேயே இங்கே வந்தவன். கலியாணத்தோடு கடனை மகளும் மருமகனும் பொறுப்பெடுத்து, வீட்டை மகளின் பேருக்கு மாற்ற அதே சொலிசிட்டரிடம் போனோம். அவர் இந்தமுறை மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்க வேறு ஆளை வைத்து, எங்களிடம் தனியாகக் கேட்டார். யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா? பயப்படாமல் சொல்லுங்கள்.

"ஓம்" என்றாள் புவனம்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார்?"

"என்ட அம்மா. அவ போய் இருபது வருஷம்."

அவர் சிரித்துவிட்டு ஒப்பம் வைக்கும் இடத்தைக் காட்டினார்.

கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் நாங்கள் பின்மூலைக்குப் போனோம். நானும் என்னோடு பாண் பேக்கரியில் வேலைசெய்யும் ஒரு நண்பரும் ஏற்கெனவே மரத்தால் ஒரு கொட்டில் அடித்திருந்தோம். சுவருக்குள் பஞ்சு வைத்து, கூரைக்குத் தார்த்தாள் போட்டு, குசினியில் இருந்து கரண்ட் இழுத்து, கட்டில் ஒன்று, அடுப்பு ஒன்று, சாமி தட்டு ஒன்று. மகள் சாமான் வைக்கும் ஷெட் என்றுதான் நினைத்திருந்தாள். தாய் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்தின் நடுவால் போவதைக் குசினி யன்னலால் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"அம்மா, என்ன இது?"

"குடி போறம். நீ உள்ள போ. புது மாப்பிள்ளையத் தனிய விடாத."

"அம்மா, இது ஷெட். புல்லு வெட்டுற மெசின் வைக்கிற இடம்."

"அதுக்கும் மூலையில இடம் இரிக்கு."

சுதன் வாசலில் நின்று என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். மனைவியும் மகளும் வீடு பற்றிப் பேசும்போது எங்கள் ஊர் ஆண்கள் வானத்தைத்தான் பார்ப்போம்.

ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கொட்டிலில் புவனம் சந்தோஷமாக இருந்தாள். ஐப்பசிக் குளிரில் இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு, விளக்கு வைத்து, "கடமை முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டு இருந்தாள். கடல் வந்த நாளில் இருந்து அவள் முகத்தில் இருந்த ஒரு சுருக்கம் அங்கேதான் விரிந்தது. எனக்கு இடுப்பு நோவு தொடங்கியதும் அங்கேதான்.

6

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நகரசபைக் கவுன்சிலில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அளவு நாடாவோடு வந்த நெட்டையர். மற்றவர் கோப்போடு வந்த இளம்பெண். அந்த நாட்களில் இந்த நகரம் முழுக்கப் பின்தோட்டத்துக் கொட்டில்களில் ஏழைகளைக் குடிவைத்து வாடகை வாங்குகிறவர்களைக் கவுன்சில் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ எங்கள் புகையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பிழையில்லை. பனிக்காலத்தில் ஒரு கொட்டிலில் இருந்து தாளிக்கிற மணம் வந்தால் யாரும் யோசிப்பார்கள்.

மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான்தான் பதில் சொன்னேன்.

"இங்கே குடியிருக்கிறீர்களா?"

"ஆம்."

"வீட்டின் சொந்தக்காரர் யார்?"

புவனத்துக்கு அந்தக் கேள்வி விளங்கிவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி, அவளே முன்னால் வந்து, இங்கிலீசில் சொன்னாள். "மை டோட்டர்."

அந்தப் பெண் எழுதினாள். எழுதும்போது அவளுடைய வாய் இறுகியது.

"மகள் எங்கே படுக்கிறார்?"

"உள்ளே. பெரிய அறையில்" என்றேன்.

"வீட்டுக்குள் எத்தனை அறை காலியாக இருக்கிறது?"

"இரண்டு."

"எப்போதிலிருந்து நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்?"

"மகளின் கலியாணத்துக்கு மூன்றாம் நாளில் இருந்து."

பேனை நின்றது. அந்தப் பெண் கோப்பை மூடிவிட்டு, புவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல ஏதோ கேட்டாள். பயப்பட வேண்டாம், உங்களுக்கு உதவி செய்ய ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு அரைவாசி விளங்கியது. புவனம் சிரித்த முகத்தோடு தலையை ஆட்டிவிட்டு, அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அந்தப் பிள்ளை கண் கலங்கிக்கொண்டு குடித்தது. இவ்வளவு நல்ல பெற்றோரைப் பெற்ற பாவி யார் என்று நினைத்திருக்கும்.

பின்னேரம் தனுசாவுக்கு வேலையிடத்துக்கே அழைப்புப் போய்விட்டது. அவள் மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் கொட்டிலுக்குள் வந்து கட்டிலில் விழுந்தாற்போல் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் உங்களை ஷெட்டுக்குள்ள போட்டிருக்கன் எண்டு நினைக்கிறாங்க. வாடகை வாங்கிறயா எண்டு கேட்டாங்க. அடிக்கிறயா எண்டு கேட்டாங்க."

"உனக்கு விசரா? நாங்களாத்தானே வந்த. நீ செல்ல வேண்டியதுதானே?"

"செல்லினன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்களாம்."

அவள் அழுதாள். சின்னப் பிள்ளையாக இங்கே வந்திறங்கிய நாளுக்குப் பிறகு அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. எங்கள் மானத்தைக் காப்பாற்ற நாங்கள் போன மூலை, அவளுடைய மானத்தைத் தின்றுவிட்டது. இது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

7

கடிதம் வந்தது. கொட்டிலில் ஆள் இருக்கக்கூடாது. குறித்த நாளுக்குள் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் சொந்தக்காரர்மேல் வழக்கு. சொந்தக்காரர் என்றால் தனுசா.

புவனம் இரண்டு வீதி தள்ளி ஒரு வீட்டில் வாடகைக்கு அறை பார்க்கச் சொன்னாள். "கட்டிக் குடுத்த பொட்டைட வீட்டில நான் படுக்க மாட்டன். ஊர்ல கேட்டா என்ன நினைப்பாங்க?"

மகள் அடுத்த நாள் வந்தாள். அழவில்லை. பிரம்புக் கதிரையை இழுத்துப் போட்டுத் தாய்க்கு எதிரே உட்கார்ந்தாள். சுதன் வாசலில் நின்றான். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்தேன்.

"அம்மா, இந்த வீடு யாருட?"

"உன்ட. வேற யாருட?"

"முழுசாத் தந்தீங்களா, பாதி தந்தீங்களா?"

"இதென்ன கேள்வி? முழுசாத்தான் தந்த. கையெழுத்து வச்செல்லவா தந்த."

"அப்ப இதுக்குள்ள யார் இரிக்கிற எண்டு செல்லுறது யாரு?"

ஆரையம்பதி விறாந்தையில் நான் கேட்ட அதே சட்டம். எனக்குச் சிரிப்பு வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புவனம் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்தேன்.

"நான் செல்லுறன்" என்றாள் தனுசா. "நீங்களும் அப்பாவும் உள்ள வந்து இரிங்க. இல்லையெண்டு நீங்க செல்லினா, எனக்கு வீடு தரல்ல எண்டுதான் கருத்து. சுவர மட்டும் தந்திரிக்கீங்க."

சுதன் வாசலில் இருந்தே சொன்னான்: "மாமி, எனக்கு இதில ஒரு அதிகாரமும் இல்லை. நானும் அவ இருக்கச் சொன்னபடியாத்தான் இருக்கிறன்."

அந்த ஒரு சொல்லால் அவன் மட்டக்களப்பு மாப்பிள்ளை ஆகிவிட்டான்.

புவனம் விளக்குத் திரியைத் தூண்டினாள். பிறகு, மகளைப் பார்க்காமல் சொன்னாள். "ஒரு ஆளை வீட்டுக்குக் கூப்பிடுறது எண்டா அதுக்கொரு முறை இரிக்கு. கதிரைய இழுத்துப் போட்டுச் சண்டை பிடிச்சுக் கூப்பிடுறதா?"

வந்த வெள்ளிக்கிழமை காலை மழை தூறியது. தமிழ்க்கடையில் வாங்கிய, வாடிப்போன வெற்றிலையை ஒரு தட்டில் அடுக்கி, பாக்கும் வைத்து, மகள் பட்டுச் சேலையோடு முன்னால் வர, மருமகன் குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். தோட்டம் சேறு. அவள் ஒரு கையால் சேலையைத் தூக்கி, மறு கையால் தட்டைப் பிடித்து, வழுக்கி வழுக்கி முப்பது முழம் நடந்து வந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்து, இன்னொரு கலியாணமா என்று கேட்டார். சுதன் ஆமாம் என்று கையைக் காட்டினான்.

வாசலில் நின்று தட்டை நீட்டினாள். "அம்மா, அப்பா, எங்கட வீட்டுக்கு வந்து எங்களோட இரிங்க."

புவனம் ஒரு வெற்றிலையை எடுத்தாள். அதைத் துடைத்தாள். மடித்தாள். பிறகு, "கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

தட்டு மகளின் கையிலேயே நின்றது.

"சீல மாத்திட்டு வாறன். இதோட எப்படி ஒரு வீட்டுக்குப் போற?"

நாங்கள் மூன்று பேரும் மழைக்குள் ஒரு குடையின் கீழ் நின்றோம்.

8

கவுன்சில் பெண் திரும்ப வந்து பார்த்தாள். புவனம் முன்னறையில், பொலித்தீன் கழற்றிய சோபாவில் இருந்தாள். கொட்டிலில் இப்போது சுதனின் சைக்கிளும் என்னுடைய பாகல் கன்றுகளும் இருக்கின்றன. மகளை நல்ல பிள்ளை என்று எழுதிவிட்டுப் போனாள் என்று நினைக்கிறேன்.

இங்கே சரியானது ஊரில் பிழையாகிவிட்டது. யாரோ பார்த்துவிட்டுப் போய், அவர்கள் மகளின் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறார்கள் என்று சொல்ல, அது ஏறாவூர்ச் சந்தைவரை போய், திரும்பி வரும்போது மகளும் மருமகனும் ஓர் அறைக்குள் ஒடுங்கிவிட்டார்கள். வருஷக்கணக்காக நான் அதைப் புவனத்தின் காதில் விழாமல் மறைத்தேன். ரமணன் கேட்ட அன்று தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது; அவள் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

அவள் சாப்பாட்டை விடவில்லை. தொலைபேசியை வாங்கி, நேரே அக்காவுக்கு எடுத்தாள்.

"என்ன கா, ஊர்ல என்னைப் பத்திக் கதையாம். உனக்குத் தெரியுமா?"

யோகம் மச்சாள் அந்தப் பக்கம் இழுத்தா. தெரியும் என்றும் சொல்லாமல் தெரியாது என்றும் சொல்லாமல் ஏதோ சொன்னா.

"கேட்டா செல்லு. ஓம், நான் என்ட பொட்டைட வீட்டிலதான் இரிக்கன். நான் குடுத்தன். விட்டுட்டும் போனன். அவ வெத்திலத் தட்டோட வந்து கூப்பிட்டா. அதுக்கு மறுகாத்தான் வந்த."

அக்கா ஏதோ கேட்டா.

"ஓம் கா, சின்ன அறைதான். அவ பெரிய அறையைத்தான் தாறன் எண்டா. அது வேணாம் எண்டுட்டன். விருந்தாளிக்கு அவ்வளவு ஆசை கூடாது."

வைத்துவிட்டு, "பசிக்குது, சோத்தைப் போடுங்க" என்றாள்.

ரமணன், வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மழையில் பார், மீற்றரை எழுது, பீலியை வருஷத்துக்கு இரண்டுதரம் துப்புரவாக்கு. வாங்கியதை ஒருநாள் கொடுக்கப்போகிறாய் என்றால் முழுசாகக் கொடு. மிச்சத்தை அம்மன் பார்த்துக்கொள்வா.

இதை வாசிக்கும் ஊராருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கதையை நீங்கள் சொல்லாமல் இருக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். சந்தையில் சொல்லுங்கள், கோயில் வீதியில் சொல்லுங்கள், பஸ்ஸில் சொல்லுங்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். புவனத்தைப் பற்றிய பகுதியை மட்டும் இருந்தபடியே சொல்லுங்கள். அவள் வீட்டுக்குள் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டாம். மகள் கூப்பிட்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.